தாய்லாந்தில் தங்கும் நாளை நீட்டிக்க ஏஜென்ட் கையில் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்

பாங்காக்கில் இருக்கும் நம் குடும்பங்களுக்கும், மகள் பிரசவம் பார்க்க ஊரிலிருந்து கிளம்பி வரும் அம்மாக்களுக்கும் இதை எழுதுகிறேன்.

2025-ல் என் பிரசவத்துக்கு அம்மா வந்திருந்தார். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் 30 நாள் என்று 2023 நவம்பரில் ஆரம்பித்து, 2024 ஜூலை 15 முதல் அதை 60 நாளாக்கியிருந்தார்கள். அந்த 60 நாளில்தான் அம்மா வந்தார். தேதி தள்ளிப்போய் சிசேரியன் ஆனது. அம்மா இன்னும் ஒரு மாதம் கூட இருந்தால் தேவலை என்று தோன்றியது. குடியேற்ற அலுவலகத்தில் மேலும் 30 நாள் நீட்டித்துத் தருவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, நானோ படுக்கையில்.

அந்த நேரத்தில்தான், தெரிந்தவர்கள் வழியாக ஒரு ஏஜென்ட் வந்தார். தமிழர். "பச்சை உடம்போட இருக்கீங்க அக்கா, அம்மாவை எதுக்கு அலைய விடணும்? பாஸ்போர்ட்டைக் குடுங்க, முத்திரை போட்டு வீட்டுக்கே கொண்டாந்து தர்றேன்" என்றார். 7,500 பாட் (தாய்லாந்துப் பணம்) கேட்டார். அரசுக் கட்டணம் 1,900 பாட்தான். மிச்சம் எதற்கு என்று கணவர் கேட்டதற்கு, "உள்ளே குடுக்க வேண்டியிருக்கு சார்" என்றார்.

அப்புறம் அவர் சொன்ன பொய்தான் எங்களைக் கவிழ்த்தது. சீக்கிரம் விண்ணப்பித்தால் மிச்ச நாள் வீணாகிவிடும், கடைசி இரண்டு மூன்று நாளில்தான் போக வேண்டும் என்றார். உண்மை அப்படி இல்லை. நீட்டிப்பு, விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்காவதில்லை. ஏற்கெனவே கொடுத்த அனுமதி முடியும் தேதியிலிருந்துதான் 30 நாள் சேரும். ஒரு வாரம் முன்னாலேயே போனாலும் ஒரு நாள்கூடக் குறையாது. கடைசி நாள்வரை நம்மை இழுத்துக்கொண்டு போனால்தான் அவர் கேட்பதைக் கொடுக்கும் நிலைக்கு நாம் வருவோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அம்மாவின் அனுமதி ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அன்று முழுக்க அவர் போனை எடுக்கவில்லை. அலுவலகம் மூடும் நேரம் 4.30. அது தாண்டிய பிறகு கூப்பிட்டு, அதிகாரி லீவில் போய்விட்டார், இன்னும் 4,000 பாட் கொடுத்தால் திங்கட்கிழமை பழைய தேதி போட்டு முடித்துவிடலாம் என்றார். கணவர் மறுத்ததும், "ஒரு நாளைக்கு 500 பாட் அபராதம், அவ்வளவுதானே" என்று அலட்சியமாகச் சொன்னார்.

சனிக்கிழமை இரவு கணவர் அவர் இருக்கும் இடத்துக்கே போய் நின்று பாஸ்போர்ட்டை வாங்கி வந்தார். உறைக்குள் நாங்கள் கொடுத்த 4-க்கு 6 சென்டிமீட்டர் புகைப்படங்கள் அப்படியே இருந்தன. படிவத்தில் ஒட்டக்கூட இல்லை. ஒரு நாள்கூட அந்த மனிதர் அலுவலகப் பக்கம் போகவில்லை.

மறுநாளே அம்மாவை விமானம் ஏற்றினோம். சுவர்ணபூமி விமான நிலையத்தில் நாளுக்கு 500 பாட் வீதம் அபராதம் கட்டி, ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கை நடுங்க, தமிழில் போட்டார். வாழ்நாளில் யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வைக்காதவர் என் அம்மா. பேரனை அவர் முழுசாகக் குளிப்பாட்டிய நாட்கள் கொஞ்சம்தான்.

"500 பாட்தானே" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நாமாக விமான நிலையத்தில் போய்க் கட்டினால்தான் அந்தக் கணக்கு; அதற்கும் 20,000 பாட் உச்சவரம்பு. நாள் தாண்டிய நிலையில் வழியில் போலீஸ் சோதனையில் பிடிபட்டால் காவலில் வைத்து நாடு கடத்துவார்கள், 5 வருடம் திரும்ப வர முடியாது. தானாகக் கிளம்பினாலும் 90 நாளைத் தாண்டியிருந்தால் ஒரு வருடத் தடை. பழைய தேதி போட்டுத் தருவதாகச் சொன்னாரே, அதை வாங்கியிருந்தால் இன்னும் மோசம். கணினியில் பதிவில்லாத முத்திரை போலி முத்திரைதான். அதற்குக் கிரிமினல் வழக்கே வரும்.

பிறகு என் மாமியார் வந்தபோது நாங்களே பாங்காக்கின் செங் வத்தனாவில் இருக்கும் குடியேற்ற அலுவலகத்துக்கு அழைத்துப் போனோம். நீட்டிப்புக்கான டி.எம்.7 படிவம், புகைப்படம், பாஸ்போர்ட் நகல்கள், 1,900 பாட். இதோடு, வெளிநாட்டவர் தங்கியிருப்பதை வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டிய டி.எம்.30 ரசீதும் வேண்டும். வந்த அன்றைக்கே வீட்டு உரிமையாளரிடம் இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள், கடைசியில் பலர் தடுமாறுவது இதில்தான். விண்ணப்பிப்பவர் நேரில் வர வேண்டும், அங்கேயே கேமராவில் படம் பிடிக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டோம்.

நாளை எண்ணும்போது வந்திறங்கிய நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். அதைவிட, பாஸ்போர்ட்டில் அடித்திருக்கும் முத்திரையின் தேதியை மட்டும் பாருங்கள். விதி அடிக்கடி மாறுகிறது. டிக்கெட் போடும் முன் தாய்லாந்துத் தூதரகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சந்தேகம் என்றால் குடியேற்றத் துறையின் 1178, ஏமாற்றப்பட்டால் சுற்றுலாப் போலீஸின் 1155.

எங்கள் 7,500 பாட் இன்னும் திரும்பவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம். அந்த ஆள் இப்போதும் வாட்ஸப் குழுக்களில் "பாஸ்போர்ட் மட்டும் குடுங்க" என்று செய்தி போட்டுக்கொண்டிருக்கிறார்.