முதியோர் பிசியோதெரபி சிறப்புப் பயிற்சி: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் பிசியோதெரபி செய்துவரும் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர், பிள்ளைகள் கோவையிலோ வளைகுடாவிலோ இருக்க, முழங்கால் வலியோடு தனியே காலம் தள்ளும் பெரியவர்கள். 2011 கணக்கெடுப்பிலேயே கேரளத்தில் 60 வயதைத் தொட்டவர்கள் 12.6 விழுக்காடு, நாட்டிலேயே அதிகம். ஆனால் பட்டப்படிப்பில் முதியோருக்கென எங்களுக்குக் கிடைத்தவை சில வகுப்புகளே. அந்தக் குறையைத் தீர்க்கலாமென்று, பாலக்காட்டுப் பக்கம் ஒரு தனியார் நிலையம் நான்கு வார இறுதிகளில் நடத்திய சிறப்புப் பயிற்சிக்குச் சென்றுவந்தேன்.

வயதானவர் என்றாலே ஒத்தடமும் கரண்ட் (மின்தூண்டல்) சிகிச்சையும் போதும் என்ற எங்கள் பழக்கத்தை ஆசிரியை முதல் நாளே உடைத்தார். எண்பது வயதிலும் தசைக்கு முறையாகச் சுமை கொடுத்தால் வலு கூடும் என்றும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 புள்ளி இறங்கினால் நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்றும் அவர் விளக்கிய விதத்திற்கே கட்டணம் தகும். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்பது நான் அறிந்ததே. கடிகாரத்தை விட்டுவிட்டு, திரும்பும் இடத்தில் எத்தனை சிற்றடி வைக்கிறார் என்று பார்க்கச் சொன்னது புதிது.

குறை செய்முறையில்தான். முதியோர் இல்லத்துக்கு அழைத்துச் சென்றது ஒரே ஒரு முற்பகல். மற்ற நாளெல்லாம் முப்பது வயதுக்காரர்கள் ஒருவருக்கொருவர் கிழவராக நடித்தோம். (நடிப்பவருக்கு முழங்கால் வலிக்காது.) சோதனை நாற்காலியின் உயரம் 43 செ.மீ.; அதில் சிரமமின்றி எழும் எங்கள் ஊர்ப் பாட்டி, வீட்டில் தரையில் அமர்ந்து வெங்காயம் உரித்துவிட்டு, கட்டில் காலைப் பிடித்து, ஒரு கையைத் தொடையில் ஊன்றி, இரண்டு முறை முயன்றே எழுகிறார். தரையிலிருந்து எழப் பழக்குவதை எப்போது சொல்லித்தருவீர்கள் என்று கேட்டேன். நேரமிருந்தால் பார்ப்போம் என்றார்கள், நேரம் இருக்கவில்லை.

பயிற்சித் தாள்கள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் மட்டுமே தரப்பட்டன. எங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழ் மட்டும் வாசிப்பவர்களுக்காக நானே மொழிபெயர்த்துக்கொண்டேன்.

சான்றிதழில் ‘நிபுணர்’ என்று அச்சிட்டிருப்பதும் உறுத்துகிறது. அமெரிக்காவில் அந்தத் தகுதித் தேர்வெழுதவே 2,000 மணி நேரம் முதியோரிடம் பணியாற்றியிருக்க வேண்டும், அல்லது அதற்கெனத் தனிப் பயிற்சிக்காலம் முடித்திருக்க வேண்டும். எட்டு நாளில் வந்த அந்தச் சொல்லை நான் பெயர்ப்பலகையில் எழுதப்போவதில்லை. அடுத்த அணியில் சேர நினைப்பவர்கள், முதியோர் இல்லத்தில் எத்தனை நாள் என்பதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டவும்.