அரசு மருத்துவமனை நம்பிக்கை மையம்: போய் வந்த அனுபவம்

கர்ப்பமாகி நான்காம் மாதம், ரத்தப் பரிசோதனைக்காக எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். நர்ஸ் முதலில் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார். பலகையில் எச்.ஐ.வி. பரிசோதனை என்று பார்த்ததும் கால் நகரவில்லை. கூட வந்த அத்தை, "நமக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

ஆலோசகர் அத்தையை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை உண்டாம், யார்மேலும் சந்தேகப்பட்டு இல்லை. கிருமி உள்ள தாய்மார் மருந்தே எடுக்காவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம். நேரத்தோடு மருந்து எடுத்தால் அது 5-க்கும் கீழே வந்துவிடும். இதைக் கேட்டதும் தயங்காமல் கையெழுத்துப் போட்டேன்.

முடிவு வரும்வரை மனதில் இருந்ததையெல்லாம் கேட்டேன். கொசு கடித்தால் வருமா? வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால்? அதுவும் வராது. தினமும் மாத்திரை எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தே இருந்தால், உறவு மூலமும் அடுத்தவருக்குப் பரவாதாம். இது எனக்குப் புதிது. இந்தியாவில் இந்தக் கிருமியை முதலில் கண்டுபிடித்ததே நம் சென்னையில்தான்: 1986-இல், டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும். இதைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை அரசு இலவசமாகத் தரத் தொடங்கியது 2004-இல். அந்த இடைப்பட்ட வருடங்களில் கர்ப்பமானவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது. இன்று உலகம் முழுக்கச் சுமார் 4 கோடிப் பேர் இந்தக் கிருமியோடு வாழ்கிறார்கள், பாதிக்கும் மேல் பெண்கள்.

ஆலோசகர் முடிவை என்னிடம் மட்டுமே சொன்னார். இல்லை என்றுதான் வந்தது. "என்னம்மா வந்துச்சு?" என்று அத்தை கேட்டபோதுகூட, "அவங்ககிட்டயே கேட்டுக்கோங்கம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த மையத்தை யாருக்கும் சொல்வேன்.

ஆனால் ஒரு குறை, பெரிய குறை. வராந்தாவில் நின்ற ஊழியர், "எச்.ஐ.வி. டெஸ்ட்டுக்கு யாரும்மா?" என்று ஓ.பி. வரிசைக்கே கேட்கும்படி கூப்பிட்டார். எனக்கு முன்னால் இருந்த பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவள் திரும்பி வந்தாளா தெரியவில்லை. ரகசியம் காக்க வேண்டும் என்று 2017-இல் சட்டமே வந்துவிட்டது, டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் போதாதா? ஆலோசகரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

செலவு ஒரு பைசா இல்லை. காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குப் போன் செய்யலாம், அதுவும் இலவசம். அடுத்த வாரம் என் வீட்டுக்காரரையும் கூட்டிப் போகிறேன்.