சிக்கிமுக்கி செட் என்று சொல்லி ரூ.1,850 பிடுங்கிவிட்டார்கள், வாங்கப்போகிறவர்கள் இதைப் படியுங்கள்

கேம்பிங் சாமான் விற்கும் ஆன்லைன் கடை ஒன்றில் ‘கைவினை சிக்கிமுக்கி செட்’ வாங்கினேன். ரூ.1,850. பெட்டியில் நாலு பொருள்: அடிப்பதற்கு வளைந்த இரும்பு, ஒரு கல், தகர டப்பாவில் கரித்துணி (மூடிய டப்பாவில் சுட்டுக் கரியாக்கிய பருத்தித் துணி, சின்னப் பொறியையும் பிடித்துக் கனலும்), கொஞ்சம் சணல். சணலைத் தவிர மற்ற மூன்றும் ஏமாற்று. அதை வைத்து யாராலும் தீ மூட்ட முடியாது. நேற்று என் புகாரையும் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் எப்படி நம்ப வைத்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பணம் கட்டும் முன் சாட்டில் மூன்று கேள்வி கேட்டேன். என்ன எஃகு? இறுக வைக்கக் காய்ச்சி எதில் தோய்த்தீர்கள்? பிறகு லேசாகச் சூடாக்கிப் பதம் இளக்கினீர்களா? ‘1095 ஹை கார்பன், எண்ணெயில் தோய்த்தது, அடிக்கும் ஓரத்தை இளக்கவில்லை சார், ராக்வெல் சி 60 இருக்கும்’ என்று பதில் வந்தது. ராக்வெல் என்பது கடினத்தை அளக்கும் அளவு. ஒரு நல்ல கொல்லர் என்ன சொல்வாரோ அதை அப்படியே சொன்னார்கள். 1095 என்றால் ஏறக்குறைய ஒரு சதவீதம் கார்பன், இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான எஃகு குறைவு. கூடவே ஒரு வீடியோ. கையை ஒரு இழுப்பு இழுத்ததும் மத்தாப்பு மாதிரி வெள்ளையாகப் பொறி கொட்டுகிறது. அந்தப் பதிலுக்கும் அந்த வீடியோவுக்கும்தான் ரூ.1,850 போனது.

அந்த வீடியோ சுத்த மோசடி. எஃகில் கல்லை அடித்தால் வரும் பொறி சின்னது, ஆரஞ்சு நிறம், எண்ணிவிடலாம் போல அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். வெள்ளையாகக் கொட்டுவது ஃபெரோசீரியம் குச்சி. 1903-ல் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் காப்புரிமை வாங்கிய கலவை அது, சிகரெட் லைட்டரில் ‘கல்’ என்று போடுகிறோமே, அதே சரக்கு. அதன் பொறி மூவாயிரம் டிகிரி வரை போகும், காய்ந்த பஞ்சே பிடித்துவிடும். எஃகின் பொறிக்கு அவ்வளவு சூடு கிடையாது. அதனால்தான் அதற்குக் கரித்துணி வேண்டியிருக்கிறது.

இப்போது வந்த பொருளுக்கு வருகிறேன்.

இரும்பு. கறுப்புப் பெயின்ட் அடித்து, சுத்தியால் அங்கங்கே தட்டிக் குழி போட்டு, கைவினை மாதிரி காட்டியிருந்தார்கள். ஓரத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் புது அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தேன். அரம் கடித்தது, தூள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நன்றாகத் தோய்த்த எஃகாக இருந்தால் அரம் வழுக்கிக்கொண்டு ஓடும், கீச்சென்று சத்தம் மட்டும் வரும். வெல்டிங் பட்டறை கிரைண்டரில் வைத்துப் பார்த்தபோது நீளமான வெறும் கோடுகளாகப் பொறி ஓடியது. ஹை கார்பன் என்றால் கோட்டின் முனை கிளை கிளையாக வெடித்துச் சிதறும். ஆகவே இது சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டை, கேட் செய்யும் இரும்பு. கார்பன் கால் சதவீதம்கூட இராது. அதைப் பழுக்கக் காய்ச்சி எதில் தோய்த்தாலும் இந்த வேலைக்கு வேண்டிய அளவு இறுகாது.

இறுகாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பொறி வருவது இரும்பிலிருந்து. கல்லின் கூரான விளிம்பு எஃகிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு சீவலைப் பிய்க்கிறது. பிய்க்கும் வேகத்தில் அது சூடேறி, காற்றுப் பட்டதும் தானே எரிகிறது. எஃகு இறுகியிருந்தால்தான் சீவல் அவ்வளவு மெல்லிசாக வரும். மெத்தென்ற இரும்பில் கல் பள்ளம் பறிக்கும், அவ்வளவுதான்.

கல். ‘இங்கிலாந்து ஃபிளிண்ட்’, அதாவது அசல் சிக்கிமுக்கிக் கல், என்று போட்டிருந்தது. வந்தது வளையம் வளையமாகக் கோடு ஓடும் அகேட், அதுவும் பாலிஷ் போட்டு உருட்டியது. அகேட் கெட்ட கல் இல்லை, கடினத்தில் ஃபிளிண்டுக்குச் சமம்தான். ஆனால் விளிம்பே இல்லாத கல் எதைச் சீவும்? துணியில் சுற்றிச் சுத்தியால் உடைத்து, கூர் விளிம்பு எடுத்துப் பழைய அரம் ஒன்றில் அடித்தால் பொறி வருகிறது. அதே கல், அதே கை, அவர்கள் அனுப்பிய இரும்பு, ஒன்றும் வரவில்லை. கோளாறு இரும்பில்தான் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கரித்துணி. தண்ணீரில் போட்டேன், சாயம் இறங்கியது. கறுப்புச் சாயத் துணி. ஓரத்தைக் கொளுத்தினால் உருகி மணி மணியாகத் திரண்டது, அதாவது பாலியெஸ்டர் கலப்பு. பருத்திகூட இல்லை.

இனி அவர்கள் தட்டிக்கழித்த கதை. முதல் பதில்: ‘சார், பழகப் பழகத்தான் வரும்.’ அரமும் கிரைண்டரும் காட்டிய வீடியோவை அனுப்பினேன். ‘கல் இயற்கைப் பொருள், ஒன்றுக்கொன்று வேறுபடும்’ என்றார்கள். நான் பேசுவது இரும்பைப் பற்றி! திரும்ப எழுதினால், ‘பொருளில் உரசிய தடம் இருக்கிறது, பயன்படுத்திய பொருளை எடுத்துக்கொள்ள மாட்டோம்.’ உரசாமல் சிக்கிமுக்கியை எப்படிச் சோதிப்பது? 1095 என்று எழுதிக் கொடுத்தீர்களே என்று பழைய சாட்டைக் காட்டியதும், அடுத்த ஆர்டரில் 200 ரூபாய் கழிவு தருவதாகச் சொன்னார்கள். ரூ.1,850-ஐ விழுங்கிவிட்டு இன்னொரு ஆர்டர் போடு என்கிறார்கள். ஆர்டர் போட்ட செயலியின் உதவி எண்ணில் ‘விற்பனையாளரிடம் பேசுங்கள்’, விற்பனையாளரிடம் ‘செயலியில் புகார் போடுங்கள்’. கடைசியில் புகாரையே மூடிவிட்டார்கள்.

இதைச் சும்மா விடக்கூடாது. 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அங்கே பதிவு செய்துவிட்டேன்.

இந்த செட்டை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

இரும்புக்குக் காயலான் கடையில் பழைய, நல்ல கம்பெனி அரம் ஒன்று வாங்குங்கள். மலிவு அரங்களில் மேல்தோல் மட்டுமே இறுகியிருக்கும், இரண்டு முறை தேய்த்தால் போச்சு. ஏழெட்டு சென்டிமீட்டர் துண்டு போதும். அரம் கண்ணாடி மாதிரி சிதறி உடையும், கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் உடைக்கவே கூடாது. ஒரு பக்க விளிம்பில் மட்டும் பல்லைத் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். கிரைண்டரில் தேய்க்கும்போது தண்ணீரில் முக்கி முக்கி எடுங்கள். விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது, திரும்பக் காய்ச்சித் தோய்க்காமல் பொறி வராது. வளைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கொல்லுப்பட்டறைக்குப் போங்கள். வளைத்தபின் காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி எண்ணெயில் தோய்க்கச் சொல்லுங்கள். அரிவாள் அடிக்கும் லாரிப் பட்டையிலும் பொறி வரும், ஆனால் கார்பன் குறைவு என்பதால் கொஞ்சமாகத்தான். ஹாக்ஸா பிளேடு வேண்டாம். ஸ்டெயின்லெஸ் வேண்டவே வேண்டாம்.

கல்லுக்கு வெங்கச்சங்கல்லே (வெள்ளைக் குவார்ட்ஸ்) போதும். விளிம்பு சீக்கிரம் உதிரும், அப்போது மறுபடி உடைத்துக்கொள்ளலாம். வெளியில் வைத்து உடையுங்கள், அந்தத் தூளை மூச்சில் இழுக்காதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது.

கரித்துணிக்குப் பழைய பருத்தி வேட்டி. தகர டப்பா மூடியில் ஆணியால் ஒரே ஒரு சின்ன ஓட்டை போட்டு, துணித் துண்டுகளை உள்ளே வைத்து, வெட்டவெளியில் அடுப்பில் ஏற்றுங்கள். ஓட்டையில் புகை நின்றதும் இறக்கி, ஓட்டையை அடைத்துவிடுங்கள். முழுக்க ஆறும்வரை திறக்காதீர்கள், சூட்டில் திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் சாம்பலாகிவிடும். பழுப்பாக வந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம், திரும்ப ஏற்றுங்கள். மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் மட்டும்: வெள்ளைப் பொறி கொட்டும் வீடியோவை நம்பாதீர்கள். விற்பவரிடம் அரம் வழுக்கும் வீடியோ கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். கல் வழவழவென்று இருந்தால் வேண்டாம். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து முதல் அடி வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், என்னுடையதில் பாதியை அவர்கள் அழித்துவிட்டார்கள்.