சென்னையிலிருந்து கோத்தகிரிக்கு எங்கள் வீட்டை ஏற்றிவந்த லாரி

24 வருடம் பார்த்த அக்கவுண்ட்ஸ் வேலையை 48 வயதில் விட்டுவிட்டு, 74 வயது அம்மாவையும் கூட்டிக்கொண்டு கோத்தகிரிக்குக் குடிவந்து பத்து மாதம் ஆகிறது. ஏன் வேலையை விட்டாய் என்று கேட்டவர்கள் எல்லாம் ஓய்ந்துவிட்டார்கள். இப்போது கேட்பவர்கள், தாங்களும் கிளம்பலாமா என்று யோசிக்கிறவர்கள். அவர்கள் முதலில் கேட்பது சாமான்களை எப்படி மேலே கொண்டுபோனீர்கள், எவ்வளவு ஆச்சு என்பதுதான். எனவே எங்களைக் கொண்டுவந்து சேர்த்த லாரிக்காரர்களைப் பற்றி எழுதுகிறேன். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே ஒரு 14 அடி வண்டி, ஊர் மேட்டுப்பாளையம். பெயரையும் நம்பரையும் பொதுவில் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரு வண்டியை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்குப் பதில் சொல்வது, நியாயம்தான்.

முதலில் நான் போனது நிறைய விளம்பரம் செய்யும் ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸிடம். போனிலேயே 58,000 ரூபாய் சொன்னார்கள். கட்டில் எத்தனை, ஏசி எத்தனை என்று கேட்டவர்கள் வீட்டு வாசல் வரை வண்டி போகுமா என்று கேட்கவே இல்லை. நாங்கள் வாடகைக்குப் பிடித்திருந்த வீடு ரோட்டிலிருந்து 60 படி கீழே இறங்க வேண்டிய வீடு, அந்த ரோடே ஒரு ஜீப் அகலம்தான். நானாகச் சொன்னபோது, "அதெல்லாம் அங்க லேபர் பாத்துக்குவாங்க மேடம்" என்றார்கள். அங்கே என்றால் எங்கே, எந்த லேபர், அதற்குத் தனியாக எவ்வளவு? பதில் இல்லை. விட்டுவிட்டேன்.

எங்கள் தெருவில் காய்கறிக் கடை வைத்திருந்தவர்தான் வழி காட்டினார். நீலகிரி கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு எல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, அங்கிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கோயம்பேட்டுக்கு வருகின்றன, வந்த வண்டிகள் திரும்பிப் போக லோடு தேடும், ரிட்டர்ன் லோடாகப் பேசிப்பாருங்கள் என்றார். அப்படிக் கிடைத்தவர்கள்தான் இந்த அண்ணன் தம்பி. ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, கடைசித் தூரத்துக்குக் குட்டியானை எனப்படும் மினி லாரியின் வாடகை எல்லாம் சேர்த்து 31,000. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

பணம் மிச்சமானது பெரிய விஷயம்தான், ஆனால் நான் இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் வேறு. சாமான் பார்க்க வந்த மூத்தவர் வந்ததும் கணக்கெடுக்க ஆரம்பிக்கவில்லை. அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, கோத்தகிரி வீட்டுக்குப் போகிற சந்தின் வீடியோ இருக்கிறதா என்று கேட்டு, இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு ரூமாக நடந்தார்.

"ஏனுங்க்கா, இந்த பீரோ வேண்டாமுங்க. மேல மிஸ்ட்டுல இரும்பு துருப்பிடிச்சு, உள்ள இருக்கற பட்டுச்சேலையில கறை ஏறிரும். மர அலமாரி இருந்தா அதக் கொண்டு வாங்க."

மரத்தூளை அழுத்திச் செய்த பலகை வார்ட்ரோப்பைத் தட்டிப் பார்த்து, ஒரு மழைக்காலம் தாங்காது, ஊறி உப்பிவிடும் என்றார். நான்கு சீலிங் ஃபேன், இரண்டு ஏசி, ஏர்கூலர் அத்தனையும் விற்றுவிடச் சொன்னார். குக்கரையும் ஹீட்டரையும் மட்டும் மறக்காமல் எடுத்துவைக்கச் சொன்னார். குக்கருக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறார் என்று அன்றைக்குப் புரியவில்லை, இங்கே வந்து அம்மா திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவைத்தபோது புரிந்தது. கோத்தகிரி ஏறக்குறைய 6,000 அடி உயரம், தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. லோடு ஏற்றுகிறவர் நம் சமையலறையை யோசித்துப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விற்கச் சொன்னதால் அவருக்கு லாபமும் இல்லை, லோடு குறைந்தால் வாடகையையும் குறைத்துத்தான் பேசினார்.

அம்மாவுக்கு அதுவரை இந்த மாற்றத்தில் மனசே இல்லை. பேக்கிங் அன்று லோடுமேன்கள் அட்டைப்பெட்டியோடு வந்தபோது இளையவர் அம்மாவிடம் பழைய சேலைகள் இருக்கிறதா என்று கேட்டார். அம்மா பீரோவின் அடித்தட்டிலிருந்து எட்டு சுங்குடிச் சேலைகளை எடுத்துக் கொடுத்தாள். பித்தளை அண்டா, கிரைண்டர் கல், பாட்டியின் உருளி எல்லாவற்றையும் அதில்தான் சுற்றினார்கள். கல்லை இரண்டு சேலையில் சுற்றி, முந்தானையை முறுக்கி முடிச்சுப் போட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு, "குழந்தையாட்டம் இருக்குதுங்க" என்றார். அம்மா சிரித்தாள். சாமி படங்களைப் பெட்டியில் போடவே விடவில்லை, "அம்மா, இது உங்க மடியிலயே வரட்டுமுங்க" என்று ஒரு துணிப்பையில் கொடுத்துவிட்டார். நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வரை ராத்திரி முழுக்க அந்தப் பை அம்மா தலைமாட்டில் இருந்தது.

காஸ் சிலிண்டரை ஏற்றவே மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சென்னை ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து ரசீது வாங்கி, இங்கே புது இணைப்பு எடுத்தோம். அதுதான் சரியான முறை.

மறுநாள் மதியம் வண்டி வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான், அதற்குள் 5,000 அடி ஏற வேண்டும். சரிவில் பின்னால் சாயாதபடி கனமானதை எல்லாம் கேபின் பக்கம் முட்டுக்கொடுத்து, தார்ப்பாய் மேல் குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டிருந்தார்கள். மெயின் ரோட்டில் குட்டியானை முன்கூட்டியே வந்து நின்றிருந்தது. நான்கு நடை அடித்து, 60 படியும் இறக்கி, கட்டிலை முடுக்கிப் போட்டுவிட்டுத்தான் சாயந்திரம் டீ குடித்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது காய்ந்த செம்மண்ணோடு விரல் நீளக் கேரட் ஒன்று கிடைத்தது, வண்டித் தரையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அது எந்தத் தோட்டத்திலிருந்து கிளம்பிச் சென்னைக்குப் போய் எங்களோடு திரும்பி வந்ததோ! அம்மா அதைத் தூக்கிப் போடாமல் கழுவி ஜன்னலில் வைத்திருந்தாள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கோயம்பேட்டில் இறக்குவது தாமதமாகி, சென்னை வீட்டுக்கு ஐந்து மணி நேரம் லேட்டாக வந்தார்கள். சாவி கொடுக்கவேண்டிய அவசரத்தில் இருப்பவர்கள் ஒரு நாள் தள்ளியே திட்டமிடுங்கள். பில் என்று கையில் எழுதிய ஒரு தாள்தான், இன்சூரன்ஸ் கிடையாது. கம்பெனியில் டிரான்ஸ்பர் பணம் வாங்குகிறவர்களுக்கு இது ஒத்துவராது. ஷோகேஸ் கண்ணாடி ஒன்று உடைந்தது, நான் கேட்பதற்கு முன்பே 800 ரூபாய் கழித்துக்கொண்டார்கள்.

மாதம் குறித்துக் கொடுத்ததும் மூத்தவர்தான். நான் தீபாவளி முடிந்ததும் வரலாம் என்றிருந்தேன். ஐப்பசி கார்த்திகையில் வேண்டவே வேண்டாம், வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி பக்கம்தான் அடித்து ஊற்றும் என்று தடுத்தார். 2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்களே, அந்த மழையை அவர் மறக்கவில்லை. தை முடியட்டும் என்றார், மாசியில் வந்தோம். இடம் வாங்கும் யோசனையையும் ஒரு வருடம் வாடகையில் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று ஒரே வரியில் சொன்னார். அப்போது கொஞ்சம் கோபம் வந்தது. இந்த கார்த்திகை மழையில் அம்மாவின் முழங்கால் வலியையும், சுவரில் ஏறிய ஈரத்தையும் பார்த்தபிறகு அவர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிகிறது. அடுத்த வீடாவது வெயில் விழுகிற சரிவில் பார்க்க வேண்டும். வேலை விஷயத்தில் குறையில்லை, இங்கே மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், வருமானம் பழைய சம்பளத்தில் நாலில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் போதுகிறது.

இவர்களைப் போல ஆள் வேண்டுமென்றால் விடியற்காலையில் கோயம்பேட்டில் கேரட், பீட்ரூட் இறங்குகிற கடைகளில் மேட்டுப்பாளையம் ரிட்டர்ன் வண்டி என்று கேளுங்கள். வருகிறவரிடம் சந்தின் வீடியோவைக் காட்டுங்கள். அதைப் பார்க்காமல் ரேட் சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள். சொந்தக் காரில் பின்னால் வருபவர்கள் நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் இ-பாஸ் எடுத்துவிடுங்கள், 2024 மே மாதத்திலிருந்து அது இருக்கிறது. அரை லிட்டர், ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களும் கீழேயே நிற்கட்டும், நீலகிரியில் தடை.

போன வாரம் மழை கொட்டியபோது மூத்தவர் போன் பண்ணினார், அம்மா ரூமில் ஒழுகுதா என்று கேட்க. அப்படியே என் தங்கைக்கும் வண்டி சொல்லிவிட்டேன், அவளும் வீட்டுக்காரரும் வரும் மாசியில் குன்னூருக்கு வருகிறார்கள். பீரோவை இப்போதே விற்கச் சொல்லியிருக்கிறேன்.