பிராசசர் டைமா, பிராசசர் யுட்டிலிட்டியா?

கம்ப்யூட்டரின் செயல்பாட்டைக் காட்டும் விண்டோஸ் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில், பிராசசர் (சிபியு) எவ்வளவு உழைக்கிறது என்று சொல்லும் இந்த இரண்டு கவுன்டர்களில் (அளவீடுகளில்) எதை நம்புவது என்று குழம்புபவர்களுக்கு:

அளப்பது எதை?
டைம்: சிபியு வேலையில் இருந்த நேரத்தை மட்டும்.
யுட்டிலிட்டி: அந்த நேரத்தோடு, ஓடிய வேகத்தையும் சேர்த்து.

வேகம் மாறினால்?
அடிப்படை வேகம் 2 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் மிச்சம்பிடிக்க 1 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கி, பாதி நேரம் ஓடினால்:
டைம் 50%.
யுட்டிலிட்டி 25%.
டர்போவில், அதாவது அடிப்படை வேகத்தைத் தாண்டி, 3 கிகாஹெர்ட்ஸில் இடைவிடாமல் ஓடினால்:
டைம் 100%.
யுட்டிலிட்டி 150%. நூறைத் தாண்டுவது பிழையல்ல, பதற வேண்டாம்.

புரிந்துகொள்ள எளிது டைம்தான்.

சர்வரில் இன்னும் ஓய்வு நேரம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க டைம் போதும். உண்மையில் எவ்வளவு வேலை நடந்தது என்றால் யுட்டிலிட்டி. லேப்டாப் திணறினால் இரண்டையும் பாருங்கள்: டைம் 100%, யுட்டிலிட்டி 60% என்றால் வேகம் குறைந்திருக்கிறது, முதலில் சூட்டையும் பவர் செட்டிங்கையும் கவனியுங்கள்.