செகண்ட் லைஃபில் புதிதா? முதல் நாளே கடைக்குப் போகாதீர்கள்

"செகண்ட் லைஃபா, அது இன்னும் இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இருக்கிறது. 2003 ஜூனில் திறந்த இந்த மெய்நிகர் உலகத்தை அமெரிக்காவின் லிண்டன் லேப் நடத்துகிறது, சேர்வதற்குக் காசு கிடையாது. ஆறு மாதமாக உள்ளே போய் வருகிறேன், எனக்கு மனசுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் நான் சொல்லிச் சேர்ந்த இரண்டு நண்பர்களும் முதல் நாளோடு விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: இது விளையாட்டு இல்லை. லெவல் கிடையாது, எதிரி கிடையாது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நீங்கள் பார்க்கும் வீடு, மரம், செருப்பு, பூனை எல்லாம் அங்கே புழங்கும் ஆட்களே செய்தவை. 256க்கு 256 மீட்டர் அளவில் ஒரு பகுதி, அப்படிப் பகுதி பகுதியாகச் சேர்ந்ததுதான் உலகம். ஒரு பகுதியில் பனி கொட்டும், அடுத்ததில் கடற்கரை. இந்தச் சுதந்திரம்தான் இதன் அழகு, புதியவருக்குத் தலை சுற்றுவதும் இதனால்தான்.

தொடக்கத்தில் எல்லாப் பொத்தானையும் கற்றுக்கொள்ளப் பார்க்காதீர்கள். கேமராவை மட்டும் பழகுங்கள். முதல் நாள் ஒரு அறிவிப்புப் பலகையைப் படிக்க என் அவதாரை (அந்த உலகத்தில் நம் சார்பாக நடமாடும் உருவத்தை) முன்னும் பின்னும் நடத்திக்கொண்டே இருந்தேன், கடைசியில் சுவரில் போய் முட்டி நின்றது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு பலகைமேல் மவுஸை வைத்து இழுத்தால் போதும், கேமரா மட்டும் பக்கத்தில் போகும், ஆள் நின்ற இடத்திலேயே நிற்பார். இது கைக்கு வந்த பிறகுதான் அந்த உலகத்தை நிதானமாகப் பார்க்கவே முடிந்தது.

அப்புறம் பெட்டி. கடையில் எது வாங்கினாலும், இலவசமாக எடுத்தாலும், பெரும்பாலும் ஒரு பெட்டிக்குள்தான் வரும். அதை இன்வென்டரியில் (நம் பொருள்கள் எல்லாம் இருக்கும் பட்டியலில்) பார்த்து "அணிந்துகொள்" என்று கொடுத்தால், சட்டைக்குப் பதில் பெட்டி கையில் வந்து ஒட்டிக்கொள்ளும். சில பெட்டிகள் அப்படி அணிந்தவுடன் தானாகப் பிரிந்துவிடும், பல பிரியாது. எனக்குப் பிரியவில்லை, ஒரு நடன அரங்கத்தில் இருபது நிமிடம் பெட்டியோடு நின்றேன். பொருள் வைக்க அனுமதி உள்ள சாண்ட்பாக்ஸுக்குப் போய், பெட்டியைத் தரையில் இழுத்து வைத்து, வலது க்ளிக் செய்து திறந்து, உள்ளே இருப்பதை இன்வென்டரிக்கு நகலெடுக்க வேண்டும். ஒரு முறை செய்துவிட்டால் பிறகு மறக்காது.

உடை விஷயத்தில்தான் பணம் வீணாகும், கவனமாக இருங்கள். இங்கே உடம்பையே கடையில் விற்கிறார்கள், மெஷ் பாடி என்பார்கள். ஒவ்வொரு பாடிக்கும் உடை தனித்தனி. ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) புடவை மாதிரி அழகான ஒன்றைப் பார்த்து உடனே வாங்கினேன், என் உடம்புக்கு அது பொருந்தவே இல்லை, தோள்பட்டை துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது, காசும் திரும்பவில்லை. ஆகவே எதை வாங்கும் முன்னும் டெமோ (மாதிரிப் பிரதி) எடுத்துப் போட்டுப் பாருங்கள், நல்ல கடைகள் எல்லாமே தருகின்றன. முதல் இரண்டு வாரம் காசு கொடுத்து எதுவும் வாங்காமலே இருந்துவிடலாம் என்பதுதான் என் கருத்து. 2023-இல் வந்த சென்ரா அவதார் இலவசம், ஆரம்பத்துக்குத் தாராளமாகப் போதும். ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 250 லிண்டன் டாலர் (அங்கே புழங்கும் பணம்) என்பதால் விலையெல்லாம் சில்லறை மாதிரித்தான் தெரியும், மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால்தான் புரியும். இன்னொன்று: ஏதாவது ஒரு பொருள் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க அனுமதி கேட்டால், அது என்னவென்று தெளிவாகத் தெரியாதவரை மறுத்துவிடுங்கள்.

சரி, கடைக்குப் போகாமல் எங்கே போவது? கேலடான் ஆக்ஸ்பிரிட்ஜ். விக்டோரியா காலத்து இங்கிலாந்து போல நீராவி இயந்திரமும் செங்கல் கட்டடமுமாக செகண்ட் லைஃபுக்குள் அமைந்த கேலடான் என்ற நாட்டில், புதியவர்களுக்காகவே கட்டிய கல்லூரி வளாகம் அது. நடப்பது, பேசுவது, கேமரா, இன்வென்டரி என்று பலகை பலகையாகப் படித்துக்கொண்டே போகலாம். உதவிக்குத் தன்னார்வலர்களும் உண்டு. என் பெட்டிப் பிரச்சினையை அங்கே ஒருவர் ஒவ்வொரு படியாகச் சொல்லித் தந்தார், நான் இரண்டு தடவை தப்பாகச் செய்தபோதும் பொறுமையாக "மறுபடி பாருங்கள்" என்றார். பொருட்களை நீங்களே கட்டிப் பார்க்க ஆசை வந்தால், வேறொரு பகுதியில் இருக்கும் ஐவரி டவர் என்ற கட்டடத்தில் மாடி மாடியாக அதற்கும் பாடம் இருக்கிறது.

கணினி பற்றிக் கேட்பவர்களுக்கு: சாதாரண லேப்டாப்பிலும் ஓடும், ஆனால் அமைப்புகளில் பார்வைத் தூரத்தை 64 மீட்டருக்குக் குறைத்துவிடுங்கள், கூட்டமான இடங்களில் இது பெரிய வித்தியாசம் காட்டும். போய் இறங்கியதும் எல்லாம் சாம்பல் நிறமாக, ஆட்கள் புகை மூட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், படங்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன, ஒரு நிமிடம் பொறுங்கள். ஃபயர்ஸ்டார்ம் என்ற வேறு வியூவரை (உள்ளே போகப் பயன்படும் மென்பொருளை) பலர் பயன்படுத்துகிறார்கள், நானும்தான். அவதாரின் வாத்து நடையை மாற்றும் வசதி அதிலேயே இருக்கிறது. ஆனால் அதன் மெனுக்கள் ஒரு கடல், அதனால் அதிகாரபூர்வ வியூவரில் தொடங்கி ஒரு மாதம் கழித்து மாறுவது நல்லது.

மதிப்பெண் கேட்டால், உலகத்துக்கு 5-க்கு 5 தருவேன், புதியவரை அழைத்துச் செல்லும் விதத்துக்கு 2-க்கு மேல் தரமாட்டேன்.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன், அழைப்புகள் எல்லாவற்றிலும் எஸ்.எல்.டி. (செகண்ட் லைஃப் டைம்) என்று போட்டிருக்கும். அது அமெரிக்க மேற்குக் கரையின் நேரம். அவர்களுக்குச் சனிக்கிழமை மாலை 6 மணி என்றால், கோடையில் நமக்கு ஞாயிறு காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. தன் வீட்டில் உட்கார்ந்தபடி ஒருவர் கிட்டார் வாசித்துப் பாட, உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் ஒரே புல்வெளியில் உட்கார்ந்து கேட்கும் கச்சேரிகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். எனக்கு ஞாயிறு காலைக் காபி இப்போது அங்கேதான்.