வந்த அன்றே அப்டேட் போடலாமா? வேலூர் வெயிலில் ஓடும் போன்களுக்கான குறிப்பு

போனுக்கு வரும் அப்டேட் எல்லாம் ஒரே ரகம் இல்லை. சில நூறு எம்பி அளவில் மாதாமாதம் வருவது செக்யூரிட்டி பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தம். இரண்டு மூன்று ஜிபிக்கு மேல் வருவது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு 15-இலிருந்து 16-க்குப் போவது போன்ற வெர்ஷன் மாற்றம். பேட்சை ஒரு வாரத்துக்குள் போட்டுவிடலாம். வெர்ஷன் மாற்றத்துக்கு அதன் முதல் திருத்தம் வரும்வரை, சுமார் ஒரு மாதம், பொறுப்பதே நல்லது. ஒரே போனை மூன்று நான்கு வருடம் வைத்து ஓட்டுபவர்கள் கடைசியில் வந்து சேரும் முடிவு இதுதான்.

காரணம், போட்டபின் திரும்பி வருவது அநேகமாக முடியாது. ஐபோனில் புது ஐஓஎஸ் வந்து ஒன்றிரண்டு வாரத்தில் பழையதற்கு ஆப்பிள் கையொப்பமிடுவதை, அதாவது அதை ஏற்ற அனுமதி தருவதை, நிறுத்திவிடும். அதன்பின் கம்ப்யூட்டரில் இணைத்தாலும் பழையது ஏறாது. கூகுள் பிக்சல் 6 வரிசையில் 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 போட்டவர்களுக்கு 12-க்குத் திரும்பும் வழி அடைபட்டது.

சாம்சங்கில் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். அப்டேட் திரையில் வரும் நீளமான வெர்ஷன் எண்ணின் கடைசி ஆறு எழுத்துகள் போதும். அவற்றில் முதலாவது 'எஸ்' என்றால் வெறும் பாதுகாப்புத் திருத்தம், 'யு' என்றால் வேறு மாற்றங்களும் உண்டு. அடுத்து வருவது பூட்லோடர் (போனை ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம்) எண். இது 4-இலிருந்து 5 ஆகிவிட்டால், 4 உள்ள பழைய சாஃப்ட்வேரைக் கடைக்காரராலும் ஏற்ற முடியாது. அதற்கடுத்த எழுத்து மாறினால் பெரிய வெர்ஷன். பிறகு வருடம் (2024-க்கு எக்ஸ், 2025-க்கு ஒய்), மாதம் (ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி), கடைசியில் அந்த மாதத்தில் எத்தனையாவது தயாரிப்பு என்பது. பூட்லோடர் எண் ஏறுகிறதா என்பதை மட்டுமாவது பார்த்துவிட்டு இன்ஸ்டாலை அழுத்துங்கள்.

கம்பெனிகளே போட்டதைத் திரும்ப எடுத்த கதை நிறைய உண்டு. 2014 செப்டம்பரில் ஐஓஎஸ் 8.0.1 போட்ட ஐபோன் 6-களில் டவரும் போய் விரல்ரேகையும் வேலை செய்யாமல், அன்றே அதை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் சாம்சங் தன் போன்களுக்குத் தரும் ஆண்ட்ராய்டு வடிவமான ஒன் யூஐ-யின் 7-ஆம் வெர்ஷன் விநியோகம் பாதியில் நிறுத்தப்பட்டது. முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்பி, புகார் இல்லையென்றால் மற்றவர்களுக்கும் அனுப்புவதுதான் வழக்கம். ஆகவே சத்துவாச்சாரியில் இருக்கும் நண்பருக்கு வந்துவிட்டது, நமக்கு வரவில்லையே என்று செக் ஃபார் அப்டேட்டைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. வரிசையில் பின்னால் நிற்பது இங்கே லாபம்.

பொறுக்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. 2023 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 16.6.1 அப்படிப்பட்டது. பயனர் எதையும் தொடாமலே, வரும் மெசேஜின் இணைப்பு வழியாகப் போனுக்குள் நுழையும் ஓட்டையை அது அடைத்தது. அப்டேட் குறிப்பில் 'ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுத்தப்பட்டிருக்கலாம்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அன்றிரவே போடுங்கள்.

எந்த நாள், எந்த நேரம் என்பதும் முக்கியம். சிஎம்சியில் மறுநாள் ஓபி என்றால், ரிப்போர்ட் எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கும் போனில் முந்தின நாள் கைவைக்காதீர்கள். காட்பாடியிலிருந்து தட்கல் போட வேண்டிய காலையும் அப்படித்தான். அப்டேட்டுக்குப் பின் சில யுபிஐ ஆப்கள் சிம்மை மறுபடி சரிபார்க்க ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். ரீசார்ஜ் முடிந்துபோய் அவுட்கோயிங் நின்ற சிம்மில் அது போகாது. இரண்டு சிம் உள்ளவர்கள் வங்கியில் கொடுத்த நம்பரையே தேர்ந்தெடுக்க வேண்டும். கடை வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல்: சவுண்ட் பாக்ஸில் தனி சிம் இருப்பதால், போன் அணைந்து கிடந்தாலும் பணம் வந்ததை அது சொல்லும்.

நேரம் என்று பார்த்தால் விடியற்காலை. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்ப வரம்பே 35 டிகிரிதான். கத்திரியில் இங்கே 40-ஐத் தாண்டுகிறது, மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் கேட்கவே வேண்டாம். அதில் கவரோடு, சார்ஜில் போட்டு, 5ஜியில் இறக்கினால் மூன்று பக்கச் சூடும் சேரும். முந்தின இரவே வைஃபையில் டவுன்லோடு செய்து (தினம் 1.5 ஜிபி பிளானில் பெரிய அப்டேட் அடங்காது), 60 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றி, கவரையும் ஒயரையும் கழற்றிவிட்டு காலை ஐந்து மணிக்கு இன்ஸ்டால் செய்யலாம்.

டிஸ்பிளேயில் பச்சைக் கோடு விழுந்ததற்கு அப்டேட்டைத் திட்டுபவர்கள் இந்தச் சூட்டை மறந்துவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு. ஆமோலெட் திரையில் நிலையாக விழுந்த கோடு ஹார்டுவேர் பழுது, ரீசெட்டில் போகாது. சில கம்பெனிகள் குறிப்பிட்ட மாடல்களுக்கு இலவசமாக டிஸ்பிளே மாற்றித் தந்திருக்கின்றன. காசு கொடுத்து மாற்றும் முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இடமும் வேண்டும். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்கள் பல, நாம் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே அப்டேட்டைப் பின்னணியில் எழுதிக்கொள்கின்றன. அதற்குப் போட்டோ, வீடியோ இருக்கும் அதே மெமரியிலிருந்து இடம் எடுக்கின்றன. 64 ஜிபி போனில் 'இன்ஸ்டால் ஆகவில்லை' என்று வருவது பெரும்பாலும் இதனால்தான். 10 ஜிபி காலியாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாட் பேக்கப்பைக் கையாலேயே ஒருமுறை அழுத்திவிடுங்கள். அது கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபியில் சேருவதால், அங்கே இடம் நிறைந்திருந்தால் பேக்கப் ஓடாது.

போட்ட பிறகு இரண்டு நாள் சார்ஜ் மளமளவென்று இறங்கும், போன் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆப்களைப் புது வெர்ஷனுக்கு ஏற்பத் திரும்பத் தொகுப்பது, போட்டோக்களை மறுபடி அலசுவது எல்லாம் பின்னால் நடக்கிறது. அதற்குள் ரீசெட் செய்யக் கிளம்பாதீர்கள். ஒரு வாரம் ஆகியும் அடங்கவில்லையென்றால் பேட்டரி யூசேஜில் எந்த ஆப் முதலில் நிற்கிறது என்று பார்த்து அதை பிளே ஸ்டோரில் அப்டேட் செய்யுங்கள். பல சாம்சங் போன்களில் இன்னொரு வழி, ரெக்கவரி என்ற பழுதுபார்க்கும் மெனுவில் 'வைப் கேஷ் பார்ட்டிஷன்'; அது தற்காலிக ஃபைல்களை மட்டும் அழிக்கும். போனை அணைத்து, கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து, வால்யூம் அப்பையும் பவரையும் சேர்த்து அழுத்தினால் அந்த மெனு வரும். 'வைப் டேட்டா' என்ற வரியும் அதே மெனுவில் இருக்கிறது; அதை அழுத்தினால் எல்லாம் போய்விடும்.

லோகோவிலேயே நின்று நின்று ரீஸ்டார்ட் ஆகும் போனைக் கடைக்குக் கொண்டுபோனால் 'சாஃப்ட்வேர் போட்டுத் தரேன்' என்பார்கள். டேட்டா இருக்குமா போகுமா என்பதை முதலில் கேளுங்கள். சாம்சங்கில் ஒடின் என்ற கம்ப்யூட்டர் புரோகிராம் வழியாகப் போடும்போது 'ஹோம் சிஎஸ்சி' ஃபைலைப் போட்டால் பெரும்பாலும் போட்டோக்கள் தங்கும். வெறும் 'சிஎஸ்சி' ஃபைலைப் போட்டால் போன் துடைத்து வைத்ததுபோல் காலியாகத்தான் வரும்.